மிகாமல்

சிங்கள மூலம் இரவு எட்டரைக்கு வந்தது.
விடிவதற்குள் அது தமிழாகி, பொரளை அச்சகம் போய்,
வர்த்தமானி ஆகவேண்டும்.
வெள்ளை முட்டை ஒன்று நாற்பத்துநாலு ரூபாவுக்கு மிகாமல்.
சிவப்பு முட்டை ஒன்று நாற்பத்தாறு ரூபாவுக்கு மிகாமல்.
முதலில் ‘மேற்படாமல்’ என்று எழுதி வெட்டினேன்.
இருபத்திரண்டு வருடம் இந்த நாற்காலியில்;
எந்தச் சொல் சட்டத்தில் வழுக்கும் என்று கைக்குத் தெரியும்.

கோழியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
கோழி தின்னும் சோளத்தைப் பற்றியும் இல்லை.
சோளம் ஏறிவரும் கப்பல், கப்பல் கேட்கும் டொலர்
இல்லை.
மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பாளன் சேர்க்கக்கூடாது.

அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் முட்டை இல்லை.
வெறும் அட்டைகள் அடுக்கிக் கிடந்தன,
அட்டைக்கு முப்பது குழி.
செபமாலையின் கடையில் என் தமிழ் தொங்கியது,
பிளாஸ்டிக் உறைக்குள், தராசுக்கு மேலே.
“ஒண்டும் வரேல்லையே” என்றான் உரக்க.
பிறகு குரலைத் தணித்து,
“பை வேணுமோ?”

பை ஒன்று இருநூறு ரூபா.
ஊதினால் பறக்கும் சிலிசிலிப் பை.
உள்ளே பத்து முட்டை, ஒன்று நாற்பத்துநாலு வீதம்.
ஒரு சதம் மிகவில்லை.
வாங்கினேன்.
மகளுக்குச் சோதனை; விடிய ஒன்று அவித்துக் கொடுக்கவேண்டும்.

அதே மாதம் இன்னொன்றும் தமிழாக்கியிருந்தேன்:
வாழ்க்கைச் செலவுப் படி, மறு அறிவித்தல் வரை மாற்றமில்லை.
படி.
அரிசி அளப்பது. கால் வைத்து ஏறுவது.
பத்திரத்தின் நகல். பிள்ளைக்கு இடும் கட்டளை.
இத்தனை பொருள் சுமக்கும் சொல்லுக்கு
மாதம் ஆறாயிரத்து நானூறு.
விலைக்கும் சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் பூட்டுப் போட்டார்கள்.
விலைக்குப் பின்கதவு இருந்தது.

பிறகு கடைக்கும் சோதனை வந்தது.

புதுக்கடை நீதிமன்றத்தில் அன்று உரைபெயர்ப்பாளர் லீவு;
திணைக்களத்தில் ஒருவரை அனுப்பச் சொன்னார்கள்.
கூண்டில் செபமாலை, கலியாணத்துக்குப் போடும் சேட்டுடன்.
என்னைக் கண்டும் முகத்தில் எதையும் காட்டவில்லை.
நல்ல வியாபாரி.

அதிகாரி சான்றுப்பொருளை உயர்த்திப் பிடித்தார்.
மின்விசிறிக் காற்றில் அது நிரம்பி, தளர்ந்து, நிரம்பியது.
பை ஏன் இருநூறு?
“பைக்கு விலை போடேல்லையே, ஐயா.
குளியாப்பிட்டியில நான் எடுக்கிறது அம்பத்தெட்டுக்கு.
நாப்பத்துநாலுக்கு வில் எண்டால்
மிச்சப் பதினாலை ஆர் தாறது? கோழியோ?”

மன்றம் சிரிக்கவில்லை; நான் இன்னும் சிங்களத்தில் சொல்லவில்லை.
அந்த ஒரு மூச்சு நேரம்
கோழி என் வாய்க்குள் இருந்தது,
எட்டரை மணி மூலத்தில் இல்லாத கோழி.
சொன்னேன். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல்.
பின்வரிசையில் யாரோ இருமினார்.
நீதவான் பேனாவை நிறுத்தி,
பையைப் பார்த்து,
பிறகு தண்டத்தை எழுதினார்.
தண்டத்துக்குச் சட்டத்தில் ‘குறையாமல்’ என்று இருக்கிறது.
அதுவும் நான் போட்ட சொல்.

வெளியே கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே
செபமாலை ரசீதை நாலாக மடித்தான்.
“நாளைக்கு வராதேங்கோ, சேர். பையும் முடிஞ்சுது.”
என்னுடைய பையை அவன் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் வந்த மூலம் இரண்டே வரி:
முன்னைய கட்டளை இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது.
பத்து நிமிட வேலை.
மட்டக்குளி பஸ்ஸின் யன்னலால் பார்த்தேன்,
கடை வாசலில் அட்டை அட்டையாய் முட்டை,
எழுபது ரூபா, வெண்கட்டியால் கொட்டை எழுத்தில்.
இறங்கி நாலு வாங்கினேன்.
பையைச் சும்மா தந்தான்.

அடுத்த நாள் எட்டரை வரைக்கும் கந்தோரில் இருந்து பார்த்தேன்.
படியைப் பற்றி ஒன்றும் வரவில்லை.